கிரிட்டுக்கு ஒரு கடிவாளம்

சென்னை எழும்பூரில் ஹாலோவேஸ் தோட்டம் என்றோர் இடம். 1924-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் அங்கிருந்து வானொலி அலைகள் புறப்பட்டன. அவற்றை அனுப்பியது அரசாங்கமல்ல. அயல்நாட்டு நிறுவனமும் அல்ல. அதே ஆண்டு மே 16-ஆம் நாள் தொடங்கப்பட்ட 'சென்னை மாகாண ரேடியோ சங்கம்' என்னும் ஆர்வலர் குழுவே அனுப்பியது. சங்கத்தின் உயிர்நாடியாக விளங்கியவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி. இங்கிலாந்திலிருந்து உறுப்புகளைக் கொணர்ந்து, பரப்பியைப் பூட்டி இயங்கச் செய்தவர் அவர். பரப்பியின் திறன் 40 வாட். ஓர் எளிய குண்டு பல்பு எரிய வேண்டிய மின்சாரம், அவ்வளவுதான்! பின்னர் அது 200 வாட்டாக உயர்ந்தது. 'அகில இந்திய வானொலி' என்ற பெயர் பிறக்க அன்றைக்கு இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன.

தொழிலுக்காக அன்றி, ஆர்வத்தால் மட்டுமே வானொலி அலைகளோடு உறவாடுபவர்களை அமெச்சூர்கள் என்கிறோம். 'ஹாம்' என்பது அவர்களுடைய செல்லப் பெயர். இந்தியாவில் இவர்களுடைய கதை 1921-லேயே தொடங்கிவிட்டது. கல்கத்தாவில் 2ஜேகே என்ற அழைப்புக் குறியோடு அமரேந்திர சந்திர குப்துவும், 2எச்க்யூ என்ற குறியோடு முகுல் போஸும் ஒருவரோடொருவர் அலைவழிப் பேசிக்கொண்டனர். சென்னைச் சங்கத்தார் இந்த மரபில் வந்தவர்களே.

இப்போது தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்துப் பாருங்கள். சென்னைக்குத் தென்மேற்கே, நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீட்டர் தொலைவில், கல்வராயன் மலைக்குத் தென்கிழக்கே சின்னசேலம் இருக்கிறது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம், 1924-ல் தென்னார்க்காடு. எழும்பூரில் எழுந்த பாட்டை சின்னசேலத்துக் கடைத்தெருவில் நின்று கேட்க வேண்டுமானால் என்னென்ன வேண்டும்? அனுப்பும் முனையில் போதிய திறன் வேண்டும். கேட்கும் முனையில் மின்சாரமே இல்லாத ஊரில் ஓடக்கூடிய ஏற்பி வேண்டும். 1924-ல் இரண்டும் இல்லை. பிற்காலத்தில் இரண்டும் வந்தன. இரண்டு முனைகளிலும் வால்வு என்னும் வெற்றிடக் குழலே வேலை செய்தது. அந்த வால்வை அடக்கி ஆண்ட ஒரு சிறு ஏற்பாட்டைப் பற்றியது இக்கட்டுரை. பாடநூல்கள் அதைச் 'சார்பு மின்னழுத்தம்' என்கின்றன. ரேடியோ பழுதுபார்ப்போர் 'பயஸ்' என்பார்கள். நாமும் பயஸ் என்றே சொல்வோம்.

வால்வுக்குள் இருப்பவை சிலவே. காற்று நீக்கிய கண்ணாடிக் குழல். சூடேறியதும் எலக்ட்ரான்களை உமிழும் மின்னிழை. எதிரே அவற்றை இழுத்துக்கொள்ளும் பிளேட். இவ்விரண்டை மட்டும் கொண்ட வால்வை 1904-ல் ஃபிளெமிங் செய்தார். 1906-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் இவ்விரண்டுக்கும் நடுவே வளைத்த கம்பி ஒன்றை நுழைத்தார். அதுதான் கிரிட். கிரிட்டின் மின்னழுத்தத்தைச் சிறிது மாற்றினால், பிளேட்டுக்குப் பாயும் மின்னோட்டம் பெரிதும் மாறுகிறது. சிறியதைக் கொண்டு பெரியதை ஆட்டுவிக்கும் வித்தை கிடைத்துவிட்டது. பெருக்கி பிறந்தது.

இதைப் புரிந்துகொள்ள நம் வட்டாரத்து மதகு ஒன்றே போதும். கல்வராயன் மலையிலிருந்து கோமுகி ஆறு இறங்குகிறது. அதற்கு ஓர் அணையும் உண்டு. அணையின் பின்னே நிற்கும் நீர்தான் உயர் மின்னழுத்தம். வாய்க்காலில் ஓடும் நீர் பிளேட் மின்னோட்டம். மதகுப் பலகை கிரிட். நீங்கள் மதகின் திருகைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாட்டின் தாளத்துக்கேற்பப் பலகையை ஏற்றி இறக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் நீர் அதே தாளத்தில் ஏறி இறங்கும். ஆனால் ஒரு கேள்வி. தொடங்குமுன் பலகை எந்த மட்டத்தில் நிற்க வேண்டும்? முழுதும் திறந்து நின்றால் மேலே ஏற்ற இடமில்லை. முழுதும் மூடி நின்றால் கீழே இறக்க வழியில்லை. பாதியில் நிற்க வேண்டும். பாட்டு வராத நேரத்திலும் பலகையை அந்தப் பாதியில் நிறுத்தி வைப்பதே பயஸின் வேலை.

இந்த உவமையில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. மதகைத் திருப்புபவரின் கை நனையக்கூடாது. கிரிட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும்வரை எலக்ட்ரான்களை விலக்கும். தான் ஒன்றையும் பிடிக்காது. ஆகவே அதை ஆட்டத் திறன் ஏறக்குறைய தேவையே இல்லை. கிரிட் நேர்மின்பக்கம் போய்விட்டாலோ, தானும் எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கும். மென்மையான ஒலிக்குறி அந்தச் சுமையைத் தாங்காமல் உருக்குலையும். அதனால்தான் ஒலிபெருக்கும் வால்வில் கிரிட்டின் ஓய்வு மின்னழுத்தம் எதிர்மறையாகவே இருக்க வேண்டும்.

இன்று இது பள்ளிப் பாடம். அன்று அப்படியில்லை. டி ஃபாரஸ்டின் வால்வு சில ஆண்டுகள் அலைகளை உணரும் கருவியாகவே பெரிதும் பயன்பட்டது. கிரிட்டுக்குத் திட்டமிட்ட எதிர்மின்னழுத்தம் கொடுத்து, வால்வை ஒழுங்கான பெருக்கியாக்கலாம் என்று 1912-ல் காப்புரிமை கோரியவர் ஃபிரிட்ஸ் லோவன்ஸ்டைன். நிக்கோலா டெஸ்லா 1899-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் மின்னலோடு விளையாடியபோது உடனிருந்த உதவியாளர் இவர். காப்புரிமை 1917-ல்தான் கிடைத்தது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்டு டி. அதை 1,50,000 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. அதே நிறுவனம் 1913-ல் டி ஃபாரஸ்டின் வால்வைத் தொலைபேசிப் பெருக்கியாகப் பயன்படுத்தும் உரிமைக்குக் கொடுத்தது 50,000 டாலர். டி ஃபாரஸ்டுக்குப் பின்னால் வேறு உரிமைகளுக்காக மேலும் பணம் கிடைத்தது உண்மைதான். ஆயினும் இந்த முதல் கணக்கைப் பாருங்கள். குதிரைக்குக் கொடுத்த விலையைப் போல் மூன்று மடங்கு கடிவாளத்துக்கு! நிறுவனத்தார் ஏமாந்துவிடவில்லை. நெடுந்தொலைவுத் தொலைபேசிக் கம்பிகளில் குரல் தேய்ந்து போவதைப் பெருக்கிகளைக் கொண்டுதான் ஈடுகட்ட முடியும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெருக்கிகள் வரும்போது, ஒவ்வொன்றும் கொஞ்சம் உளறினாலும் மறுமுனையில் உளறல் மட்டுமே மிஞ்சும்.

இப்படி வால்வுக்கு மூன்று மின்கலங்கள் தேவையாயின. மின்னிழையைச் சூடேற்ற ஏ பேட்டரி. பிளேட்டுக்கு உயர் அழுத்தம் தர பி பேட்டரி. கிரிட்டுக்கு எதிர்மின்னழுத்தம் தர சி பேட்டரி. 1920-களின் ரேடியோப் பெட்டிகளில் இம்மூன்றும் இருந்தன. பிரிட்டிஷ் வழக்கில் மூன்றாவதற்குக் 'கிரிட் பயஸ் பேட்டரி' என்றே பெயர். 9 வோல்ட் கொண்ட சிறு பெட்டி. ஒன்றரை வோல்ட்டுக்கு ஒரு துளை. செருகியைத் துளை மாற்றித் துளை குத்தி, ஒலி தெளிவாகும் இடத்தைக் காதால் தேடுவார்கள். இந்த பேட்டரியிலிருந்து மின்னோட்டம் ஏறக்குறைய எதுவும் போவதில்லை. ஆகவே அது நெடுநாள் உழைத்தது. அதில் ஒரு தொல்லையும் ஒளிந்திருந்தது. அதைப் பின்னால் காண்போம்.

சென்னைச் சங்கத்தின் கதைக்கு வருவோம். பணமுடையால் 1927 அக்டோபரில் சங்கத்தின் ஒலிபரப்பு நின்றது. கருவியைச் சென்னை மாநகராட்சி பெற்றுக்கொண்டு, 1930 ஏப்ரல் 1 முதல் ஒழுங்கான ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளைக் கட்டி மக்கள் கேட்கச் செய்தார்கள். ஆர்வலர்கள் பூட்டிய கருவி நகரத்தின் பொதுச் சொத்தாக மாறியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இந்தியாவில் இல்லை. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. அதில் நகரத்துக்கு 250 வாட் மத்திய அலைப் பரப்பி; மாகாணம் முழுமைக்கும் 10 கிலோவாட் சிற்றலைப் பரப்பி. அடுத்த ஆண்டு மே 16-ல் திருச்சி நிலையம் வந்தது. சின்னசேலத்திலிருந்து திருச்சி நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, அனுப்பும் முனை தயாராகிவிட்டது.

40 வாட்டிலிருந்து 10,000 வாட்டுக்கு எப்படி ஏறினார்கள்? பெரிய வால்வுகள் வந்தன என்பது பாதி விடைதான். மறுபாதி பயஸில் இருக்கிறது. மதகைப் பாதியில் நிறுத்தி ஓட்டும் முறைக்கு 'ஏ வகுப்பு' என்று பெயர். இதில் ஒலி தூய்மையானது. ஆனால் பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கொள்கையளவில்கூட கொடுத்த திறனில் பாதிக்கு மேல் கிடைக்காது. மீதி வெப்பமாகப் போகும். எதிர்மின்னழுத்தத்தைக் கூட்டி, மதகு மூடும் விளிம்பில் நிறுத்தினால் 'பி வகுப்பு'. அலையின் மேல் பாதி மட்டும் கடக்கும். இரண்டு வால்வுகளை எதிரெதிராகப் பூட்டி இரு பாதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இதில் கொள்கையளவு எல்லை 78 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இன்னும் கூட்டி, மதகை இறுக மூடி அதற்கும் கீழே அழுத்தி வைத்தால் 'சி வகுப்பு'. அலையின் உச்சி மட்டும் ஒரு கணம் மதகைத் தூக்கும், ஒரு வீச்சு நீர் பாயும், உடனே மூடிக்கொள்ளும்.

இப்படித் துண்டு துண்டாக வந்தால் அலை உருக்குலையாதா என்று நீங்கள் கேட்கலாம். உருக்குலையத்தான் செய்யும். ஆனால் பரப்பியில் பிளேட்டோடு ஒரு கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த ஒத்ததிர்வுச் சுற்று இருக்கிறது. அது ஊஞ்சலைப் போன்றது. ஊஞ்சலில் ஆடும் குழந்தையின் முதுகில் கை வைத்துக்கொண்டே யாரும் கூட ஓடுவதில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு தள்ளு. மீதியை ஊஞ்சல் பார்த்துக்கொள்ளும். சி வகுப்பில் 70 விழுக்காட்டையும் தாண்டிய பயனுறுதிறன் கிடைப்பது இதனால்தான். தந்திக் குறி அனுப்பும் அமெச்சூருக்கு இது வரப்பிரசாதம். மின்சாரச் செலவு குறைவு. சிறிய வால்விலிருந்து பெரிய திறன்.

சரி, கேட்கும் முனை? சின்னசேலம் போன்ற ஊர்களுக்கு ரேடியோ வந்த காலத்தில் எல்லா இடத்திலும் மின்கம்பி போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேட்டூர் நீர்மின் நிலையமே 1937-ல்தான் இயங்கத் தொடங்கியது. சிற்றூர்களுக்கும் மலையூர்களுக்கும் மின்சாரம் வர இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதுவரை அங்கெல்லாம் உலர்மின்கலத்தில் ஓடும் வால்வு ரேடியோக்கள்தான். பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி மாலையில் ஊர் கூடிய காட்சியை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த ரேடியோ நின்றுபோக வால்வு பழுதாக வேண்டியதில்லை. பேட்டரி தீர்ந்தாலே போதும். புதியது நகரத்திலிருந்து வர வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும். அந்தப் பெட்டிகளில் 90 வோல்ட் உயர் அழுத்தமும், மின்னிழைக்கு ஒன்றரை வோல்ட்டும் தரும் பேட்டரி இருந்தது. ஒலிபெருக்கியை ஓட்டும் கடைசி வால்வுதான் இதில் பெருந்தீனிக்காரன்.

3எஸ்4 என்ற வால்வை எடுத்துக்கொள்வோம். 90 வோல்ட்டில் அதன் கிரிட்டுக்கு எதிர்மின்னழுத்தம் 7 வோல்ட் வேண்டும். கொடுத்தால் பிளேட் மின்னோட்டம் ஏழரை மில்லி ஆம்பியர் அளவில் நிற்கும். பயஸ் இல்லையென்றால் மின்னோட்டம் பன்மடங்கு ஏறும், பேட்டரி விரைவில் தீரும், ஒலியும் கெடும். இதற்காக மூன்றாவது பேட்டரி ஒன்றைப் பெட்டிக்குள் வைக்காமல் தப்ப, வடிவமைப்பாளர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். உயர் அழுத்த பேட்டரியின் எதிர்முனைக்கும் பெட்டியின் உலோகத் தட்டுக்கும் இடையே ஒரு தடையைச் செருகினார்கள். எல்லா வால்வுகளும் சேர்ந்து 10 மில்லி ஆம்பியர் இழுக்கின்றன என்று கொள்க. தடை 700 ஓம். ஓம் விதிப்படி 0.01 × 700 = 7 வோல்ட். பேட்டரியின் எதிர்முனை, தட்டைக் காட்டிலும் 7 வோல்ட் எதிர்மறையாகிவிட்டது. கிரிட்டை அங்கே கட்டிவிட்டால் முடிந்தது வேலை!

முன்பு சொன்ன தொல்லை இங்கேதான் தீர்ந்தது. பி பேட்டரி நாளுக்கு நாள் இளைக்கும். தனியான சி பேட்டரியோ இளைக்காது. 90 வோல்ட் 60 ஆகத் தேய்ந்த பின்னும் பயஸ் மட்டும் பழைய அளவிலேயே நின்றால், மதகு தேவைக்கு மேல் மூடி, ஒலி கரகரக்கும். இந்தத் தடை முறையிலோ அழுத்தம் இறங்கினால் மின்னோட்டம் குறைகிறது. மின்னோட்டம் குறைந்தால் பயஸும் தானே குறைகிறது. கிழட்டு பேட்டரியைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்து பாட்டுக் கேட்க முடிந்தது. காசு விலையில் ஒரு சிறு தடை செய்த உபகாரம் இது. மின்னிணைப்பு உள்ள ஊர்களின் ரேடியோவிலும் இதே தத்துவம்தான். அங்கே தடையை எதிர்மின்வாயின் அடியில் வைப்பார்கள். 6வி6 வால்வுக்கு வேண்டியது பன்னிரண்டரை வோல்ட். அதன் வழியே பாய்வது சுமார் 50 மில்லி ஆம்பியர். ஆகவே தடை 250 ஓம். கணக்குப் போட்டுச் சரிபாருங்கள்.

அமெச்சூர்களுக்கு இதற்கிடையில் ஓர் இருண்ட காலம் வந்து போயிற்று. 1939 செப்டம்பரில் உலகப் போர் மூண்டதும் இந்திய அரசு அவர்களுடைய உரிமங்களை நிறுத்தியது. கருவிகளை ஒப்படைக்கச் சொன்னது. 1942-ல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய இரகசியக் காங்கிரஸ் வானொலிக்குப் பின்னால் இருந்ததும் இத்தகைய ஆர்வலர்களின் கைத்திறன்தான். அது ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் பிடிபட்டது. 1946-லிருந்து தற்காலிக உரிமங்கள் மீண்டும் வழங்கப்பட்டன. 1948-ல் நாடு முழுவதும் உரிமம் பெற்றிருந்தவர் ஐம்பது பேரளவே. அவ்வாண்டு மே 15-ல் மாவ் நகரத்து ராணுவத் தகவல் தொடர்புப் பள்ளியில் அமெச்சூர் ரேடியோ கிளப் தொடங்கியது. அதுவே பின்னர் இந்திய அமெச்சூர் ரேடியோ சங்கமாயிற்று.

போர் ஒன்றை மட்டும் விட்டுச் சென்றது: உபரிச் சரக்கு. ராணுவம் கழித்துவிட்ட பரப்பிகளும் வால்வுகளும் எடைக்கு எடை விற்கப்பட்டன. அவற்றுள் உலகெங்கும் அமெச்சூர்களின் கண்ணான வால்வு 807. தலையில் பிளேட்டுக்கென ஓர் உலோகத் தொப்பி. உயரமான கண்ணாடி உடல். சி வகுப்பில் 600 வோல்ட் கொடுத்து, 100 மில்லி ஆம்பியர் ஓட விட்டு, கிரிட்டில் 45 வோல்ட் எதிர்மின்னழுத்தம் வைத்தால், உட்செல்லும் 60 வாட்டில் சுமார் 40 வாட் அலையாக வெளிவரும். ஒரே ஒரு வால்வில் 40 வாட்! எழும்பூரில் ஒரு நகரத்தையே கூட்டி உட்கார வைத்த எண்ணிக்கை, இப்போது ஒரு மாணவனின் மேசைமேல்.

இங்கேதான் பயஸ் தன் கோர முகத்தைக் காட்டும். 45 வோல்ட்டைப் பெற மிக மலிவான வழி கிரிட் தடை. முந்திய நிலையிலிருந்து வரும் வலுவான அலை கிரிட்டைக் கணநேரம் நேர்மின்பக்கம் தள்ளும். அப்போது சில மில்லி ஆம்பியர் கிரிட் மின்னோட்டம் பாயும். அது 12 அல்லது 13 ஆயிரம் ஓம் தடையின் வழியே போகும்போது 45 வோல்ட் தானாகவே பிறக்கும். தனி பேட்டரி வேண்டாம். தனி மின்வழங்கி வேண்டாம். அழகான ஏற்பாடுதான். ஆனால் முந்திய நிலையின் அலை நின்றுபோனால்? பயஸும் அந்தக் கணமே மறையும். மதகு முழுதும் திறந்துகொள்ளும். மின்னோட்டம் கூடாமல் அதே 100 மில்லி ஆம்பியரில் நின்றதாகவே வைத்துக்கொண்டாலும், 60 வாட் முழுவதும் இப்போது பிளேட்டில் வெப்பமாகும். வெளியே போக அலை இல்லையே! 807-இன் பிளேட் தாங்கக்கூடியது 25 வாட்தான். உண்மையில் மின்னோட்டமும் ஏறிவிடும். கரும்பிளேட் மங்கலாகச் சிவக்கும்; பிறகு பழுக்கும்; பார்த்துக்கொண்டிருக்கும்போதே வால்வு வீணாகும். தந்திச் சாவியை முந்திய நிலையில் பூட்டியிருந்தாலோ கேட்கவே வேண்டாம். சாவி மேலே எழும் ஒவ்வொரு முறையும் இதே ஆபத்து.

ஆகவே அனுபவமுள்ள அமெச்சூர்கள் பயஸை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு எப்போதும் இருக்கும் காவல் பயஸ். சிறு மின்வழங்கியிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ வருவது. மறுபங்கு கிரிட் தடை தருவது. அலை நின்றாலும் காவல் பயஸ் வால்வைக் காப்பாற்றும். எதிர்மின்வாயின் அடியில் ஒரு தடை வைத்தும் இதைச் சாதிக்கலாம். உயர் அழுத்தத்தில் கொஞ்சம் இழப்பு, அவ்வளவே. அயல்நாட்டு அமெச்சூருக்கு ஒரு வால்வு போனால் அடுத்த தெருக் கடையில் இன்னொன்று கிடைக்கும். நம்மவருக்கு அப்படியில்லை. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல்தான் ஏற்பி வால்வுகளை இங்கேயே செய்யத் தொடங்கியது. வெளியிலிருந்து வரும் கருவிகளுக்கோ கடும் சுங்கவரி. வி.யு.2.ஆர்.ஜி. என்ற அழைப்புக் குறியோடு தாமே அமெச்சூராக இருந்த ராஜீவ் காந்தியின் ஆட்சியில்தான் அந்த வரி விலக்கப்பட்டது. அதுவரை, கையிலிருந்த ஒற்றை 807-ஐப் பல ஆண்டு உழைக்க வைக்க வேண்டியிருந்தது. பயஸைப் பற்றிய அறிவு இங்கே வெறும் ஏட்டுப் படிப்பாக இருக்க முடியவில்லை.

ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் பேசும் வழக்கம் பரவியதும் நிலைமை மறுபடி மாறியது. அந்த முறையில் குரலின் ஏற்றத்தாழ்வே அலையின் வடிவம். சி வகுப்பு அதைச் சிதைத்துவிடும். ஏ-க்கும் பி-க்கும் இடையே ஓர் இடத்தில் மதகை நிறுத்த வேண்டும். பேசாத நேரத்திலும் சிறிது மின்னோட்டம் ஓய்வாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதிகம் வைத்தால் வால்வு சூடாகும். குறைத்து வைத்தால் குரல் கரடுமுரடாகிப் பக்கத்து அலைவரிசைகளிலும் சிதறும். அங்கே பேசிக்கொண்டிருப்பவர் சும்மா இருப்பாரா? 1930-களின் தந்திக்காரர் வால்வுக்காக மட்டும் பயப்பட்டார். இவரோ அக்கம்பக்கத்தாருக்காகவும் பயப்பட வேண்டும்.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்த பின்னும் இது ஓயவில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' என்னும் எளிய பரப்பி-ஏற்பி, இந்த நூற்றாண்டில் உலகெங்கும் அமெச்சூர்களால் பூட்டப்பட்டது. அதன் கடைசி நிலையில் ஐ.ஆர்.எஃப்.510 என்னும் மலிவான டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. அதன் 'கேட்' என்பது கிரிட்டின் பேரன். குணம் மட்டும் நேர்மாறு. கிரிட்டைத் தடுத்து நிறுத்த எதிர்மின்னழுத்தம் வேண்டும். கேட்டைத் தட்டியெழுப்ப நேர்மின்னழுத்தம் வேண்டும். சிறு திருகு ஒன்றைத் திருப்பி, ஓய்வு மின்னோட்டம் சுமார் 100 மில்லி ஆம்பியர் ஏறும்போது நிறுத்தச் சொல்கிறார்கள். அதற்கு மேலும் திருப்பிக்கொண்டே போனால், 807-ஐப் போலச் சிவந்து எச்சரிக்கக்கூட அதற்குத் தெரியாது. ஓசையின்றி உயிரை விட்டுவிடும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வால்வு ரேடியோ இருந்து, அதை மீண்டும் பாடவைக்க ஆசைப்பட்டீர்களானால், பயஸைத் திருடும் ஒரு கள்வனை முதலில் பிடியுங்கள். முந்திய வால்வின் பிளேட்டிலிருந்து கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போகும் வழியில் மெழுகுக் காகித மின்தேக்கி ஒன்று இருக்கும். அலையை விட்டு, நேர்மின்னோட்டத்தைத் தடுப்பது அதன் கடமை. மழைக்கால ஈரம் பல ஆண்டு ஊறினால் அது கசியத் தொடங்கும். ஒரு மில்லி ஆம்பியரில் ஐம்பதில் ஒரு பங்கு கசிந்தாலும், கிரிட்டின் 4,70,000 ஓம் தடையில் 9 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் எழும். 6வி6-க்கு நாம் அரும்பாடுபட்டுச் சேர்த்த பன்னிரண்டரை வோல்ட்டில் பெரும்பகுதி போய்விட்டது! ஒலி கரகரக்கும், வால்வு கொதிக்கும், மின்மாற்றியும் சேர்ந்து கருகும். ஆகவே புதிய வால்வு வாங்கிச் செருகுமுன், அந்த மின்தேக்கியின் கிரிட் பக்க முனையைக் கழற்றி, அதற்கும் தட்டுக்கும் இடையே ஒரு மெகாஓம் தடையை இணைத்து, அத்தடையின் குறுக்கே மீட்டரை வையுங்கள். பெட்டி சூடேறிய பின் முள் சுழியில் நிற்க வேண்டும். நகர்ந்தால் மின்தேக்கியை மாற்றுங்கள். இந்த வேலையைப் பழகியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். சில பெட்டிகளில் மின்மாற்றி கிடையாது. தட்டிலேயே வீட்டு மின்சாரம் நிற்கும். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் வடிகட்டி மின்தேக்கியில் 250 வோல்ட் மிச்சமிருக்கலாம். அதைத் தடை ஒன்றின் வழியே வடித்துவிட்டு, மீட்டரால் பார்த்த பின்னரே உள்ளே கை வையுங்கள்.